பூங்கா திறப்பது வேறு, பூங்காக்களுக்குத் திட்டம் போடுவது வேறு: வடசென்னையை வைத்து ஓர் எளிய விளக்கம்

நிதியாண்டு முடிகிற நேரத்தில் நம் பக்கத்துப் பூங்கா ஏதாவது ஒன்றில் புதுக் கல்வெட்டு முளைக்கும். நீரூற்று, கலர் பேவர் பிளாக் போட்ட நடைபாதை, ஏரியா பெயர் எழுதிய செல்ஃபி பலகை, நாலைந்து உடற்பயிற்சிக் கருவிகள். திறந்து வைத்துவிட்டுப் போவார்கள், நாமும் ஒரு வாரம் ஆர்வமாகப் போய் நடப்போம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மாநகராட்சி தன் பசுமைவெளிகளைத் திட்டமிட்டு நிர்வகிக்க வேண்டும் என்று சொல்கிறார்களே, அது இந்தத் திறப்பு விழா இல்லை. ஊர் முழுவதையும் ஒரே வரைபடத்தில் விரித்து வைத்து, எங்கே பசுமை இருக்கிறது, எங்கே அறவே இல்லை, இல்லாத இடத்துக்கு எப்படிக் கொண்டுவருவது, வந்ததை அடுத்த இருபது வருஷத்துக்கு யார், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் அது. அதில் போட்டோ எடுக்க எதுவும் இருக்காது, அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

பசுமைவெளி என்றால் சுற்றுச்சுவரும் கேட்டும் வைத்த பூங்கா மட்டும் இல்லை. தெருவோர மரம், பிள்ளைகள் பந்து விளையாடுகிற திடல், பள்ளி மைதானம், ஏரிக்கரை, கால்வாய்க்கரை, மேம்பாலத்துக்குக் கீழே உள்ள இடம், கல்லறைத் தோட்டம், ரயில்வே குவார்ட்டர்ஸில் நிற்கிற பழைய வேப்பமரம் எல்லாமே இதில் சேரும். இங்கேதான் முதல் சிக்கல் வருகிறது. இவற்றுக்கெல்லாம் ஒரே முதலாளி கிடையாது. தெருப் பூங்கா மாநகராட்சியுடையது. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருக்கிற பெரிய தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. ரெட்டேரியும் பக்கிங்ஹாம் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு. கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் என்று போனால் பாதி நிலம் ரயில்வேயுடையது, கடற்கரைப் பக்கம் போனால் துறைமுகம். ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் தங்களுக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். நமக்கோ நிழல் வேண்டும், அது எந்தத் துறையின் மரத்தில் இருந்து விழுந்தால் என்ன? திட்டம் என்பதன் முதல் வேலை, இந்தத் துண்டுகளை எல்லாம் ஒரே தாளில் கொண்டுவருவது.

அந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் நடந்தாலே போதும். 1859-ல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன் காலத்தில் அங்கே 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெரிய பூங்கா ஒன்று உருவானது. 116 ஏக்கர். குளங்கள், சாலைகள், மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்தவர்களுக்கு மூச்சு விட ஓர் இடம் வேண்டும் என்றுதான் அதைப் போட்டார்கள். அப்புறம் விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது, ஸ்டேடியம் வந்தது. மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா மாதிரி ஒன்றிரண்டு துண்டுகள். வந்த கட்டடம் எதுவும் தேவையில்லாதது என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் காலத்தில் நல்ல காரணம் இருந்திருக்கும். மொத்தமாகக் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான். நகரத்துப் பூங்காக்களைப் பராமரிக்கிற மாநகராட்சியின் தலைமையகமே ஒரு பூங்காவின் மேல்தான் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்படித் துண்டு துண்டாகப் போவதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம், 1959. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் பூங்கா, திடல், திறந்தவெளி எல்லாவற்றுக்கும் பட்டியல் தயாரித்து அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பட்டியலில் ஏறிவிட்டால் அந்த இடத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது லேசில் முடியாது. உச்ச நீதிமன்றமும் 1991-ல் பெங்களூர் வழக்கு ஒன்றில், பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மருத்துவமனைகூட நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆகப் பட்டியல் என்பது வெறும் குமாஸ்தா வேலை இல்லை. ஒரு நல்ல பட்டியலில் இடத்தின் சர்வே எண், பரப்பு, எத்தனை மரம், என்ன மரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பது வரை இருக்கும். இதில் கடைசி விஷயத்தைச் சின்னது என்று நினைக்காதீர்கள், அதற்கு மறுபடி வருகிறேன்.

எவ்வளவு பசுமை போதும்?

பட்டியல் முடிந்தால் அடுத்தது அளவு. இந்தியாவில் நகரத் திட்டமிடலுக்கு மத்திய அரசு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. நல்ல எண்தான். இதை நம் பக்கம் வைத்துப் பார்ப்போம். சென்னையில் 200 வார்டுகள், 2011 கணக்கெடுப்புப்படி விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர், சராசரியாக ஒரு வார்டுக்கு 30,000-க்கு மேல். 30,000 பேர் என்றே வைத்துக்கொண்டு தலைக்கு 10 சதுர மீட்டர் கொடுத்தால் 3 லட்சம் சதுர மீட்டர், கிட்டத்தட்ட 74 ஏக்கர். ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு வார்டுக்குள் 74 ஏக்கர் வேண்டும் என்றால் தெருத்தெருவாக வீடுகளை இடிக்க வேண்டும். வீட்டு வாசலில் வண்டி நிறுத்தவே இடம் இல்லாத ஏரியா இது. அதனால் பழைய நகரப் பகுதிகளுக்கு இந்த எண் ஒரு கண்ணாடியாக மட்டுமே பயன்படும், நாம் எவ்வளவு பின்னால் இருக்கிறோம் என்று காட்டும், வழி காட்டாது. இன்னொன்று, ஊர்ச் சராசரி ஏமாற்றும். தெற்கே கிண்டி தேசியப் பூங்காவையும் சேர்த்து வகுத்தால் கொருக்குப்பேட்டைக்காரரின் பங்கும் காகிதத்தில் கூடிவிடும், அவர் வீட்டு ஜன்னலில் ஒரு இலைகூட ஆடாது.

அதனால் இப்போது பல நகரங்களில் பரப்பைவிடத் தூரத்தைப் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு: வீட்டில் இருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், குறைந்தது அரை ஹெக்டேர், சுமாராக ஒன்றேகால் ஏக்கர் பொதுப் பசுமைவெளி. சிசில் கோனைனண்டைக் என்ற நகர வனவியல் பேராசிரியர் 2021-ல் இதை இன்னும் சுருக்கி 3-30-300 என்று ஒரு விதியாகச் சொன்னார். வீட்டில் இருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும், அந்த வட்டாரத்தில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டரில் பூங்கா இருக்க வேண்டும். மனப்பாடம் செய்ய எளிது, கவுன்சிலரிடம் சொல்லவும் எளிது.

ஆனால் இந்த 300 மீட்டரை வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டு அளந்தால் வடசென்னையில் பொய்தான் வரும். நம் ஊரைக் குறுக்கும் நெடுக்கும் ரயில் பாதைகள் வெட்டுகின்றன. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இந்தப் பக்கத்துப் பூங்கா 200 மீட்டராக இருந்தாலும் அரை மணி நேரம்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே கடப்பாரா? மாட்டார். அவரைப் பொறுத்தவரை எதிர்ப்பக்கப் பூங்கா இல்லாத பூங்கா. பக்கிங்ஹாம் கால்வாயும் அப்படித்தான், பாலம் எங்கே இருக்கிறதோ அதுவரை சுற்ற வேண்டும். ஆகவே நம் பக்கத்துக்கு உண்மையான திட்டம் போடுகிறவர் கால் நடக்கிற வழியை அளக்க வேண்டும். சில இடங்களில் புதுப் பூங்காவைவிட ஒரு நடைமேம்பாலமோ சிக்னலோ அதிகப் பேருக்குப் பூங்காவைக் கொண்டுவந்து கொடுத்துவிடும், செலவும் குறையலாம்.

யாருக்காக?

இது திட்டத்தில் அடிக்கடி விட்டுப்போகிற கேள்வி. வியாசர்பாடியில் ஃபுட்பால் என்றால் உயிர். தெருவுக்குத் தெரு கேரம் கிளப் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு பக்கம் பாக்சிங். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது மண் திடலும் மாலையில் ஒரு விளக்கும். நாம் கொடுப்பதோ 'புல்லை மிதிக்காதீர்' என்று பலகை வைத்த புல்தரை. எனக்குத் தெரிந்த ஒரு பூங்காவில் மாலை ஆறு மணிக்குப் போய் நின்று பார்த்தால் புரியும். நடைபாதையில் பெரியவர்கள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஊஞ்சல் பக்கம் அம்மாக்கள். உள்ளே பந்து கொண்டுவரக் கூடாது என்பதால் பையன்கள் வெளியே சுற்றுச்சுவரையே கோல் போஸ்ட்டாக்கி, ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் பந்து உள்ளே விழும்போது வாட்ச்மேன் அண்ணனிடம் கெஞ்சல். பூங்காவில் இடம் இல்லாமல் இல்லை, நடுவில் நீரூற்றுக்கு என்று வட்டமாகக் கட்டிய தொட்டி பாதி இடத்தைப் பிடித்திருக்கிறது, அதில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

அதே பூங்கா காலை பத்து மணிக்கு மேல் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். நேரப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மூட்டை தூக்குகிற அண்ணன்கள், மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற அக்காக்கள், டெலிவரி பையன்கள் என்று வெயிலில் உழைக்கிறவர்களுக்கு நிழல் தேவைப்படுவது சரியாக அந்தப் பதினொன்று முதல் மூன்று மணிக்குத்தான். பூட்டுவதற்குக் காரணம் கேட்டால் தூங்குகிறார்கள், குடிக்கிறார்கள், காதலர்கள் வருகிறார்கள் என்பார்கள். தூங்குவது குற்றமா என்ன? காலை வாக்கிங் போகிறவர் மட்டும்தான் பூங்காவின் பயனாளி என்ற எண்ணம் அந்தப் பூட்டில் இருக்கிறது, நிர்வாகத் திட்டம் எழுதுகிறபோது முதலில் திருத்த வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. கூடுதலாக ஒரு ஷிப்ட் காவலாளி போட்டால் தீர்கிற பிரச்சினைக்காக ஒன்றேகால் ஏக்கர் நிழலைத் தினமும் பாதி நாள் வீணாக்குகிறோம்.

மரம், மண், தண்ணீர்

மரம் வைப்பதைப் பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை, மஞ்சள் பூக்கிற பெருங்கொன்றை மாதிரி வேகமாக வளர்கிற, கிளை எளிதில் முறிகிற வெளிநாட்டு மரங்கள் நிறையப் போயின. ஆனால் பழி முழுவதும் இனத்தின் மேல் போடக் கூடாது. அடிமரம் வரை சிமென்ட் பூசி, ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்கும் இன்னொரு பக்கம் கேபிளுக்கும் வேரை வெட்டிவிட்டால் எந்த மரமும் நிற்காது. நம்முடையது கடலோரம், மணலும் உப்புக் காற்றும். புன்னை, பூவரசு, புங்கை இதற்குப் பழகியவை. ஆலும் அரசும் திடலுக்கு, ஏரிக்கரைக்கு. குறுகலான தெருவுக்கு மந்தாரை, மகிழம் மாதிரி அளவான மரம். வைத்தால் போதாது, முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். தெருவோரங்களில் துருப்பிடித்த கூண்டு மட்டும் நிற்க உள்ளே குச்சி காய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், வைத்தவர் பெயர் கூண்டில் பளிச்சென்று இருக்கும். எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணைவிட மூன்று வருஷம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற எண்ணைக் கேட்க வேண்டும்.

புல்தரையைப் பற்றி ஒரு வார்த்தை. அது தண்ணீரை நிறையக் குடிக்கும், நிழல் தராது. மே மாதத்தில் லாரித் தண்ணீர் எதிர்பார்க்கிற ஏரியாவில் அலங்காரப் புல்லுக்கு போர்வெல் ஓட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தண்ணீர் அதிகமாக வருகிறபோது என்ன என்பதும் திட்டத்தில் சேர்த்திதான். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் தாழ்வான பகுதிகள், 'ஓட்டேரி நல்லா' என்கிற கால்வாய் நிரம்பினால் தெரு ஏரியாகிவிடும். பழைய வழக்கப்படி பூங்கா போடும்போது இடிபாடு கொட்டி ரோட்டைவிட மேடாக்கிவிடுவார்கள், மழைத் தண்ணீர் பூங்காவில் இருந்து வழிந்து பக்கத்து வீட்டுக்குள் போகும். இப்போது மாநகராட்சியே ஸ்பான்ஞ் பூங்கா என்று சொல்லி, பூங்காவுக்குள் குளம் வெட்டித் தெருத் தண்ணீரை உள்ளே இழுக்க ஆரம்பித்திருக்கிறது. இது நல்ல போக்கு. ஒரு பூங்கா நிழலும் தந்து, திடலும் ஆகி, இரண்டு நாள் வெள்ளத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரே நிலத்துக்கு மூன்று வேலை. இடம் பற்றாத ஊரில் இப்படித்தான் யோசிக்க வேண்டும். ஆனால் குளத்தைத் தூர் வாரவும் கொசு வராமல் பார்க்கவும் ஆள் வேண்டும், அதாவது மறுபடி பணம்.

பணம் எங்கே நிற்கிறது

பூங்காவுக்கு இரண்டு வகைச் செலவு. கட்டுவதற்கு ஒரு தடவை, காப்பாற்றுவதற்கு ஒவ்வொரு மாதமும். முதல் வகைக்குப் பணம் ஏதாவது ஒரு வழியில் வந்துவிடும். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கான கோடியில். ஸ்மார்ட் சிட்டி நிதி வந்தது, எம்.எல்.ஏ. நிதி வரும், நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கு என்று ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணம் வரும். இரண்டாவது வகைக்குப் பணம் மாநகராட்சியின் சொந்த வருமானத்தில் இருந்து, வருஷா வருஷம், காவலாளி, தோட்டக்காரர், துப்புரவு, மின்கட்டணம், மோட்டார் ரிப்பேர், அறுந்த ஊஞ்சல் சங்கிலி என்று சில்லறை சில்லறையாக வர வேண்டும். கடன் வாங்கிக் கல்யாணத்தைத் தடபுடலாக நடத்திவிட்டுக் குடித்தனத்துக்கு அரிசி வாங்கக் காசில்லாமல் நிற்பது மாதிரிதான் பல பூங்காக்களின் கதை. அதனால் விவரம் தெரிந்த திட்டக்காரர்கள் ஒரு பூங்காவை வரைகிறபோதே அடுத்த பத்து வருஷப் பராமரிப்புச் செலவையும் அதே காகிதத்தில் எழுதிவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் நீரூற்று தானாகவே அடிபட்டுப் போகும்.

பராமரிப்பு இப்போது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் போகிறது. சில பூங்காக்களை நிறுவனங்களோ குடியிருப்போர் சங்கங்களோ தத்தெடுக்கின்றன. தத்தெடுப்பு நல்லதுதான், ஆனால் அண்ணாநகருக்கும் அடையாருக்கும் சங்கமும் ஸ்பான்சரும் கிடைக்கிற அளவுக்குச் சாத்தங்காட்டுக்கோ கொடுங்கையூருக்கோ கிடைப்பதில்லை. முழுக்க அதையே நம்பினால் ஏற்கெனவே பசுமையாக இருக்கிற இடம்தான் இன்னும் பசுமையாகும்.

புது நிலம் எங்கிருந்து வரும் என்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். 'ஓ.எஸ்.ஆர். நிலம்', அதாவது திறந்தவெளிக்கு என்று ஒதுக்குகிற நிலம், என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் மனைப்பிரிவோ பெரிய குடியிருப்போ போடுகிறவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டுத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகக் கொடுக்க முடியாதபோது வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டலாம். 3,000-க்குள் ஒன்றும் இல்லை. சரி, இதில் யாருக்கு லாபம்? மாதவரம், புழல் பக்கம் புது லேஅவுட் போடுகிற இடங்களுக்குப் பூங்கா நிலம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே கட்டி முடிந்த ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் எதுவும் வராது, ஏனென்றால் அங்கே 10,000 சதுர மீட்டர் காலி மனை ஏது? பசுமை அதிகம் தேவைப்படுகிற இடத்தில் சட்டம் கை விரித்துவிடுகிறது. அங்கே பசுமை வர வேண்டுமானால் மூடிய ஆலைகளின் நிலம், உபயோகமில்லாத ரயில்வே துண்டு நிலம், கால்வாய்க்கரை, மாலையில் திறந்துவிடக்கூடிய மாநகராட்சிப் பள்ளி மைதானம் இவற்றைத்தான் தேட வேண்டும். பெரம்பூர் மேம்பாலத்துப் பக்கம் முரசொலி மாறன் பூங்கா வந்தது மாதிரி, விடுபட்ட மூலைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்வது அதைவிட முக்கியம். ராயபுரம் ராபின்சன் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள், 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். அவ்வளவு ஜனம் கூட ஓர் இடம் அந்த நெரிசலில் இருந்ததே பெரிய விஷயம், இன்று புதிதாக அப்படி ஒன்றை எந்த விலை கொடுத்தும் அங்கே வாங்க முடியாது.

வடசென்னையில் பெரிய அளவில் நிலம் விடுபடப் போகிற ஒரே இடம் என்று நான் நினைப்பது கொடுங்கையூர் குப்பைமேடு. 300 ஏக்கருக்கு மேல். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து நிலத்தை மீட்கிற பயோமைனிங் வேலை அங்கே நடக்கிறது. அதே வளாகத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலையை மாநகராட்சி திட்டமிட்டதும், ஏற்கெனவே மணலி, எண்ணூர் புகையில் இருக்கிற மக்கள் அதை எதிர்ப்பதும் தெரிந்த செய்தி. நிலம் மீண்டதும் உடனே மரம் நட்டுவிட முடியாது, மண்ணில் கசிவுநீர் இருக்கும், உள்ளே வாயு இருக்கும், சோதித்துச் சரிசெய்ய வருஷங்கள் ஆகும். ஆனால் எது பசுமைவெளி, எது மற்ற உபயோகம் என்ற எல்லைக்கோட்டை இப்போதே போட வேண்டும். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., தயாரித்துக்கொண்டிருக்கிறது. அதில் அந்த நிலம் என்ன நிறத்தில் வரைபடத்தில் வருகிறதோ அதுதான் நடக்கும். காலி நிலத்துக்குக் கேட்பவர்கள் நிறைய, பீப்பிள்ஸ் பார்க் போன வழி நமக்குத் தெரியும்.

நம்மால் என்ன செய்ய முடியும் என்றால், கேட்க முடியும். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன, கூட்டத்துக்குப் போனால் பூங்காவைப் பற்றிப் பேசலாம். 'பூங்கா சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எந்தத் தேதி வரை, அதில் எத்தனை காவலாளி, எத்தனை ஷிப்ட், எத்தனை தோட்டக்காரர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அது கையில் இருந்தால், பதினொரு மணிக்குப் பூட்டிக் கிடக்கிற கேட்டைப் போட்டோ எடுத்து மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குச் சொல்லும்போது எந்த நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்று வரி எண்ணோடு சொல்லலாம். அப்படியே உங்கள் பூங்கா 1959 சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அதே மனுவில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள், தனியாக இன்னொரு பத்து ரூபாய் எதற்கு.